வாசகர் கேள்வி பதில்: பாக்டீரியா நோய்க்குப் புரதத் தடுப்பூசி செய்வது ஏன் இவ்வளவு நாளாகிறது?

போன இதழில் மறுசேர்க்கைப் புரதத் தடுப்பூசி பற்றி எழுதியிருந்தேன். நோய் தரும் பாக்டீரியாவிலிருந்து ஒரு புரதத்துக்கான மரபணுவை மட்டும் எடுத்து, அதை வேறொரு நுண்ணுயிருக்குள் வைத்து, அங்கே உற்பத்தியாகும் புரதத்தைச் சுத்தம் செய்து ஊசியாகப் போடும் முறை அது. கேள்விகள் நிறைய வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். கேட்டவர்களின் பெயர்கள் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

கேள்வி (இரண்டு குழந்தைகளின் தாய்): புரதத்தை ஈ.கோலை பாக்டீரியாவில் வளர்க்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஈ.கோலை என்றாலே வயிற்றுப்போக்கு, சிறுநீர்த் தொற்று என்றுதானே கேள்விப்படுகிறோம்? அது ஊசி வழியாக உடம்புக்குள் போய்விடாதா?

போகாது. ஈ.கோலையில் ஏகப்பட்ட வகைகள் உண்டு. இந்த வேலைக்குப் பயன்படுத்துபவை பல பத்தாண்டுகளாக ஆய்வகத்திலேயே வளர்ந்து, மனிதக் குடலில் தங்கிப் பிழைக்கும் திறனையே இழந்துவிட்டவை. 1982 முதல் நீரிழிவுக்காரர்கள் போட்டுக்கொள்ளும் மனித இன்சுலின் இப்படிப்பட்ட ஈ.கோலையில்தான் முதலில் தயாரானது. மேலும், புரதம் உற்பத்தியான பிறகு அந்தச் செல்களை உடைத்துவிடுவார்கள். வடிகட்டிகளையும் சுத்திகரிக்கும் குழாய்களையும் தாண்டி உயிருள்ள ஈ.கோலை எதுவும் வெளியே வராது.

ஆனால் நீங்கள் கேட்டதில் ஓர் உண்மையான கவலை ஒளிந்திருக்கிறது. உயிருள்ள ஈ.கோலையைப் பற்றிய கவலை இல்லை அது, செத்த பிறகும் அது விட்டுச்செல்லும் எண்டோடாக்சின் பற்றியது. அதன் வெளிச்சவ்வில் இருக்கும் கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஒரு பொருள் இது. துளியூண்டு ரத்தத்தில் கலந்தாலே காய்ச்சல் வரும், அளவு கூடினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து. சாதாரணமாகக் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் ஆவிச்சூடு இதை ஒன்றும் செய்யாது, கண்ணாடிப் பாத்திரங்களை 250 டிகிரி உலர்வெப்பத்தில் அரை மணி நேரம் வைத்துத்தான் அழிக்க வேண்டியிருக்கும். தடுப்பூசிப் புரதத்தை அப்படிச் சுட முடியாது என்பதால் வேதிமுறையில் கழற்றிக் கழற்றி எடுக்கிறார்கள். மிச்சம் எவ்வளவு என்று பார்க்க நெடுங்காலமாக உதவி வந்தது குதிரைலாட நண்டின் நீல ரத்தம். எண்டோடாக்சின் பட்டதும் அது உறைந்துவிடும். இப்போது அந்த நண்டின் புரதத்தையே மறுசேர்க்கை முறையில் தயாரித்துச் சோதிக்கும் வழியும் வந்துவிட்டது. எனக்கு அதில் மகிழ்ச்சி, நண்டுகளை விட்டுவிடலாம் இல்லையா.

கேள்வி (ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்): ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, ஈஸ்ட்டில் செய்த புரதத்தைக் கொண்டு 1986-லேயே வந்துவிட்டது. பாக்டீரியா நோய்களுக்கு மட்டும் இந்த வழியில் வந்தவை விரல்விட்டு எண்ணுகிற அளவில்தானே இருக்கின்றன? ஏன்?

ஹெபடைடிஸ் பி வைரஸின் மரபுத்தகவல் மொத்தமே ஏறத்தாழ 3,200 எழுத்துகள்தான். மரபணுக்கள் நான்கு. எந்தப் புரதத்தை எடுப்பது என்று தேடி அலைய வேண்டியதே இல்லை, மேற்பரப்புப் புரதம் கண் முன்னால் நிற்கிறது. காசநோய்க் கிருமியை எடுத்துக்கொள்ளுங்கள், சுமார் 4,000 மரபணுக்கள். அந்த நாலாயிரத்தில் எதைப் பிடித்தால் நோய் நிற்கும்? இங்கேதான் பாதி ஆயுள் போகிறது. புரதத்தை உற்பத்தி செய்வது இன்று ஒரு நல்ல முதுநிலை மாணவரால் முடிகிற காரியம், சரியான புரதத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் கஷ்டம். அதைவிடக் கஷ்டம், தேர்ந்தெடுத்தது சரிதான் என்று நிரூபிப்பது.

நச்சினால் வரும் நோய்கள் மட்டும் விதிவிலக்கு. டெட்டனஸிலும் டிப்தீரியாவிலும் கேடு முழுவதையும் செய்வது ஒரே ஒரு நச்சுப் புரதம். அதனால் 1920-களிலேயே பிரான்சின் கஸ்தோன் ரமோன் ஃபார்மலினும் மிதமான சூடும் கொடுத்து நச்சின் பல்லைப் பிடுங்கித் தடுப்பூசி ஆக்க முடிந்தது. மரபணு நுட்பம் வந்ததும் அந்தப் பல்லை இன்னும் நறுக்காகப் பிடுங்கினார்கள். கக்குவான் இருமல் நச்சில் இரண்டே இரண்டு அமினோ அமிலங்களை மரபணுவிலேயே மாற்றினார்கள், நச்சுத்தன்மை போய்விட்டது, உருவம் அப்படியே நின்றது. காலராவுக்கு வாய்வழி கொடுக்கும் ஒரு தடுப்பு மருந்திலும், செத்த காலராக் கிருமிகளோடு, நச்சின் தீங்கில்லாத பி துணையலகு மறுசேர்க்கை முறையில் செய்து சேர்க்கப்பட்டிருக்கிறது.

நச்சு ஒன்றை நம்பாமல் ரத்தத்துக்குள் புகுந்து பெருகும் கிருமிகள் வேறு ரகம். இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் மெனிங்கோகாக்கஸ் பி. குழந்தைகளையும் இளைஞர்களையும் ஒரே நாளில் சாய்த்துவிடக்கூடிய மூளைக்காய்ச்சல் கிருமி. இதன் ஏ, சி போன்ற வகைகளுக்கு மேலே போர்த்தியிருக்கும் சர்க்கரை உறையையே தடுப்பூசியாக்கிவிட்டார்கள். பி வகையில் அது நடக்கவில்லை, ஏனென்றால் அதன் உறைச் சர்க்கரை நம் நரம்புச் செல்களில் இருக்கும் ஒரு சர்க்கரையை அச்சு அசலாக ஒத்திருக்கிறது. உடம்பு அதை எதிரி என்று பார்ப்பதில்லை, பார்க்க வைப்பதும் ஆபத்து. பல வருடங்கள் இப்படியே நின்றுபோன வேலையை இத்தாலியத் தடுப்பூசி விஞ்ஞானி ரினோ ரப்புவோலியின் குழு தலைகீழாகத் தொடங்கியது. கிருமியை வளர்த்து, அதில் என்ன கிடைக்கிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டு, அதன் மரபுத்தொகுப்பு முழுவதையும் படித்து, எந்தெந்தப் புரதங்கள் வெளிப்பரப்பில் இருக்க வாய்ப்புண்டு என்று கணினியில் தேடினார்கள். சுமார் 600 தேறின. அவற்றில் 350-ஐ ஈ.கோலையில் உற்பத்தி செய்து எலிகளுக்குப் போட்டு, ஒவ்வொரு எலியின் சீரமும் (ரத்தத்தின் தெளிநீர்) உயிருள்ள கிருமியைக் கொல்கிறதா என்று பார்த்தார்கள். கொன்றவை முப்பதுக்கும் குறைவு. அந்த ஆய்வு வெளிவந்தது 2000-ல். கடைசியில் தடுப்பூசிக்குள் போனது மூன்று முக்கியப் புரதங்களும், நியூசிலாந்து வகைக் கிருமியின் வெளிச்சவ்விலிருந்து எடுத்த நுண்குமிழிகளும். ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது 2013-ல். வழியைக் கண்டுபிடித்த பிறகும் பதின்மூன்று வருடம்!

கேள்வி (உயிரித்தொழில்நுட்ப ஆராய்ச்சி மாணவி): என் புரதம் ஜெல்லில் தடிமனான பட்டையாகத் தெரிகிறது, ஆனால் செல்லை உடைத்துச் சுழற்றினால் முழுவதும் அடியில் பெல்லட்டில் போய் உட்கார்ந்துவிடுகிறது. யூரியாவில் கரைத்து, சுத்தம் செய்து, எலிக்குப் போட்டுவிடலாமா? எலைசாவில் (ஆன்டிபாடியை அளக்கும் சோதனை) ஆன்டிபாடி நன்றாக வந்தால் போதும்தானே?

போதாது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இந்த இடத்தில் பலருடைய உழைப்பு வீணாவதைப் பார்த்திருக்கிறேன்.

பெல்லட்டில் உட்கார்ந்திருப்பது இன்க்ளூஷன் பாடி என்ற புரதக் கட்டி. ஈ.கோலையை அவசரப்படுத்தினால், புரதம் சரியாக மடிவதற்குள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். 8 மோலார் யூரியா அந்தக் கட்டியைக் கரைக்கும், உண்மைதான், ஆனால் புரதத்தின் மடிப்பையும் சேர்த்தே அவிழ்த்துவிடும். கிருமியைப் பிடிக்க உடம்பு செய்யும் ஆன்டிபாடிகளில் நிறைய, மடிந்த உருவத்தை அடையாளம் பார்த்துப் பிடிப்பவை. அவிழ்ந்து கிடக்கும் சங்கிலியை எலிக்குக் காட்டினால் எலியும் அவிழ்ந்த சங்கிலிக்குத்தான் ஆன்டிபாடி செய்யும். அதே அவிழ்ந்த புரதத்தை எலைசாத் தட்டில் பூசிச் சோதித்தால் மஞ்சள் நிறம் ஜோராக வரும், டைட்டர் (ஆன்டிபாடியின் அளவு) லட்சத்தைத் தாண்டும், ஆனால் உயிருள்ள பாக்டீரியாவின் மேல் அந்த ஆன்டிபாடி ஒட்டவே ஒட்டாமல் இருக்கலாம். நீங்கள் போட்டதற்கு எதிராகவே ஆன்டிபாடி வந்திருக்கிறது என்பதைத் தவிர அந்த எலைசா எதையும் சொல்லவில்லை.

அதனால் யூரியாவுக்குப் போகுமுன் உற்பத்தியையே திருத்திப் பாருங்கள். தூண்டிய பிறகு 37 டிகிரியில் வைக்காமல் 16 அல்லது 18 டிகிரிக்கு இறக்கி இரவு முழுவதும் விடுங்கள். உற்பத்தியைத் தூண்டப் போடும் ஐபிடிஜியைக் குறையுங்கள், எல்லோரும் 1 மில்லிமோலார் போடுகிறார்கள் என்பதற்காக நீங்களும் போட வேண்டாம், 0.1 போதுமா என்று பாருங்கள். மரபணுவை வெட்டும்போது, புரதம் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் முன்துண்டான சிக்னல் பெப்டைடை நீக்கினீர்களா? சவ்வுக்குள் புதையும் பகுதி உள்ளே இருக்கிறதா? இருந்தால் அதை விட்டுவிட்டு வெளியே தலைநீட்டும் பகுதியை மட்டும் எடுங்கள், பல நேரம் அந்த ஒரு மாற்றத்திலேயே புரதம் கரைசலுக்கு வந்துவிடும். டைசல்ஃபைடு பிணைப்பு (இரண்டு கந்தக அணுக்களின் கட்டு) உள்ள புரதம் என்றால் சாதாரண ஈ.கோலையின் உள்ளே அது உருவாகாது, பெரிபிளாசத்துக்கு (அதன் இரண்டு சவ்வுகளுக்கு நடுவே உள்ள இடம்) அனுப்ப வேண்டும், இல்லையென்றால் அதற்கென்று மாற்றியமைத்த வகைகளைப் பயன்படுத்த வேண்டும். இத்தனையும் செய்து பலிக்காவிட்டால் யூரியா, அப்புறம் படிப்படியாக யூரியாவைக் குறைத்து மறுபடி மடிய வைப்பது, மடிந்ததா என்று வட்ட இருநிறமைச் சோதனையிலோ, அந்தப் புரதத்துக்கு இயல்பான வேலை ஏதும் இருந்தால் அதைச் செய்கிறதா என்றோ பார்ப்பது.

எலிக்குப் போன பின் எலைசாவோடு நிற்காதீர்கள். சீரத்தை முழு பாக்டீரியாவோடு கலந்து ஃப்ளோ சைட்டோமெட்ரியில் ஒட்டுகிறதா என்று பாருங்கள். ரத்தத்தில் இருக்கும் நிரப்பிப் புரதங்களோடு சேர்ந்து கிருமியைக் கொல்கிறதா, வெள்ளை அணுக்கள் விழுங்க உதவுகிறதா என்று பாருங்கள். இன்னொன்று, மறக்கவே கூடாதது: உங்கள் மரபணு இல்லாத வெற்று பிளாஸ்மிட் (மரபணுவைச் சுமக்கும் டி.என்.ஏ வளையம்) வைத்த ஈ.கோலையையும் அதே நிக்கல் சுத்திகரிப்புக் குழாயில் ஓட்டி, வருவதை ஒரு தொகுதி எலிக்குப் போடுங்கள். முன்னே சொன்ன எண்டோடாக்சின் நோய் எதிர்ப்பை நன்றாகவே கிளறிவிடும். சில நாட்களுக்கு எந்தக் கிருமி வந்தாலும் எலி கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அந்தக் கட்டுப்பாட்டுத் தொகுதி இல்லாமல் "என் புரதம் காப்பாற்றியது" என்று எழுதினால், காப்பாற்றியது உங்கள் புரதமா அழுக்கா என்று யாருக்கும் தெரியாது.

கேள்வி (மருந்தாளுநர்): தடுப்பூசியில் அலுமினியம் எதற்கு?

சுத்தமான புரதம் மட்டும் போனால் உடம்பு பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. முழுக் கிருமியில் இருக்கும் ஆபத்து அறிகுறிகளையெல்லாம் நாமே கழுவி எடுத்துவிட்டோமே. அதனால் ஒரு துணையூக்கி வேண்டும். அலுமினிய உப்புகள் அந்த வேலையைச் செய்வதை 1926-ல் கிளென்னி என்பவர் காட்டினார், இன்றும் அதுவே அதிகம் பயன்படுகிறது.

ஆனால் அலுமினியமும் புரதமும் எப்போதும் ஒத்துப்போகும் என்றில்லை. ஆந்த்ராக்ஸுக்கு மறுசேர்க்கைத் தடுப்பூசி செய்யப் போனவர்கள் எடுத்தது பாதுகாப்பு ஆன்டிஜென் என்ற புரதம். நச்சின் மற்ற இரண்டு பாகங்களையும் செல்லுக்குள் ஏற்றிவிடுவது அதுதான் என்பதால் நல்ல தேர்வு. அலுமினிய ஹைட்ராக்சைடின் மேல் ஒட்டி வைத்த அந்தப் புரதத்தில் நாளாக ஆக அஸ்பராஜின்கள் மெல்ல வேறு அமினோ அமிலமாக மாறிக்கொண்டே வந்தன. புரதத்தின் அளவு குறையவில்லை, நச்சை முறிக்கும் ஆன்டிபாடியை எழுப்பும் திறன் மட்டும் இறங்கியது. அலமாரியில் இரண்டு வருடம் நிற்காத தடுப்பூசி எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் யாருக்கும் போய்ச் சேராது. தேவைப்படும் நாளுக்காகச் சேமித்து வைக்க வேண்டிய ஆந்த்ராக்ஸ் தடுப்பூசிக்கு இது சின்னக் குறை இல்லை.

கேள்வி (கல்லூரி மாணவர்): ஒரே புரதம் போதாதா, ஏன் இரண்டு மூன்று சேர்க்கிறார்கள்?

கிருமி தப்பிக்கும் என்பதால். பிளேக் கிருமிக்கு எஃப்1 என்ற உறைப்புரதம் நல்ல ஆன்டிஜென்தான் (உடம்பு எதிர்ப்பைக் காட்டும் பொருள்), ஆனால் எஃப்1 இல்லாமலேயே நோய் தரக்கூடிய பிளேக் வகைகள் உண்டு. அதனால்தான் அது நம் செல்லுக்குள் நச்சைச் செலுத்தும் ஊசியின் முனையில் இருக்கும் வி ஆன்டிஜெனையும் கூடவே சேர்க்கிறார்கள்.

கேள்வி (பெயர் வெளியிட விரும்பாத வாசகர்): "எலிகளில் 100 சதவீதப் பாதுகாப்பு" என்று அடிக்கடி செய்தி வருகிறது. அப்புறம் பேச்சே இல்லை. மறைக்கிறார்களா?

மறைக்கவில்லை, பெரும்பாலானவை மனிதர்களில் தோற்றுவிடுகின்றன. தோல்வியைச் செய்தியாகப் போட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். அறுவைச் சிகிச்சைக்குப் பின் வரும் தொற்றுகளில் பெரிய ஆள் இது. இரும்பைப் பிடித்து உள்ளே இழுக்க அது வைத்திருக்கும் ஐஎஸ்டிபி என்ற மேற்பரப்புப் புரதத்தை வி710 என்ற தடுப்பூசியாக்கினார்கள். விலங்குகளில் பாதுகாப்பு கிடைத்தது. இதய, மார்பு அறுவைச் சிகிச்சைக்குப் போகும் சுமார் 8,000 பேரிடம் சோதித்தார்கள். 2011-ல் நடுவிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. தொற்று குறையவில்லை. அதுமட்டுமில்லாமல், தடுப்பூசி போட்டும் அந்தத் தொற்று வந்தவர்களில் இறப்பு விகிதம், போடாமல் தொற்று வந்தவர்களைவிட ஏறத்தாழ 5 மடங்கு இருந்தது. எலி இந்தக் கிருமியை ஆய்வகத்தில்தான் முதல்முறை சந்திக்கிறது, நாமோ பிறந்ததிலிருந்து மூக்கிலும் தோலிலும் அதோடு வாழ்கிறோம், நம் ரத்தத்தில் அதற்கு எதிரான ஆன்டிபாடிகள் ஏற்கெனவே இருக்கின்றன. அந்த எலிச் சோதனை கேட்ட கேள்வியே வேறு. "மூன்று கட்டச் சோதனை எதற்கு, சீக்கிரம் கொடுத்தால் என்ன" என்று யாராவது கேட்டால் எனக்கு இந்த நோயாளிகள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

நம்பிக்கை தரும் பக்கமும் உண்டு. காசநோய்க் கிருமியின் இரண்டு புரதங்களை ஒட்டிச் செய்த எம்72 தடுப்பூசி, கிருமி உள்ளே உறங்கிக்கொண்டிருந்த பெரியவர்களிடம் மூன்று வருடக் கண்காணிப்பில் நுரையீரல் காசநோயை ஏறத்தாழ பாதியாகக் குறைத்தது. 1921-ல் வந்த பிசிஜிக்குப் பிறகு வேறு காசநோய்த் தடுப்பூசி பரவலான பயன்பாட்டுக்கு வரவே இல்லை என்பதை நினைத்தால் ஐம்பது சதவீதம் பெரிய விஷயம். 2024-ல் மூன்றாம் கட்டம் தென்னாப்பிரிக்காவில் தொடங்கியது. முடிவு வரும்வரை காத்திருப்போம்.

கேள்வி (மலையேற்ற ஆர்வலர்): உண்ணிக் கடியால் வரும் லைம் நோய்க்கு அமெரிக்காவில் தடுப்பூசி இருந்ததாமே. ஏன் கைவிட்டார்கள்?

இருந்தது. ஆஸ்பா என்ற புரதம், ஈ.கோலையில் செய்தது, 1998 டிசம்பரில் அனுமதி, 2002 பிப்ரவரியில் விற்பனையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. மூன்று தவணை போட்டவர்களில் பாதுகாப்பு 76 சதவீதம். அது வேலை செய்யும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும்: கிருமி ஆஸ்பாவை அணிந்திருப்பது உண்ணியின் குடலில் இருக்கும்போது; நம் உடம்புக்குள் வரும் நேரத்தில் அதைக் கழற்றிவிடுகிறது. ஆக, உண்ணி ரத்தம் குடிக்கும்போது நம் ஆன்டிபாடியும் சேர்ந்து அதன் வயிற்றுக்குள் போய் அங்கேயே கிருமியைக் கொல்கிறது. சண்டை நம் உடம்புக்கு வெளியிலேயே முடிந்துவிடுகிறது.

புரதத்தின் ஒரு துண்டு மனிதப் புரதம் ஒன்றைப் போல இருப்பதால் மூட்டுவாதம் வரலாம் என்று ஓர் ஐயம் கிளம்பியது. வழக்குகள் வந்தன. போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டதில் மூட்டுவாதம் கூடியதாகத் தெரியவில்லை, ஆனால் அதற்குள் விற்பனை படுத்துவிட்டது. அந்த ஐயத்துக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல நேரம் கொடுத்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. இப்போது அதே ஆஸ்பாவின் ஆறு வகைகளைக் கொண்டு, சந்தேகத்துக்குள்ளான அந்தத் துண்டையும் நீக்கி, புதிய தடுப்பூசி ஒன்றைச் செய்திருக்கிறார்கள். அதன் மூன்றாம் கட்டச் சோதனை 2022-ல் தொடங்கியது.

கேள்வி (செவிலியர்): ஆன்டிபயாடிக் இருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு?

மெனிங்கோகாக்கஸ் நோயில் சரியான ஆன்டிபயாடிக் கொடுத்தும் பத்தில் ஒருவர் அளவுக்கு இறக்கிறார்கள். பிழைப்பவர்களில் பலருக்குச் செவி போகிறது, சிலருக்குக் கை கால் போகிறது. மருந்து வேலை செய்யத் தொடங்குமுன் நோய் முந்திவிடுகிறது. பிரிட்டனில் 2015 செப்டம்பரிலிருந்து குழந்தைகளுக்கு பி வகைத் தடுப்பூசியைப் பொதுத்திட்டத்தில் கொடுத்தார்கள், மூன்று வருடத்தில் அந்த வயதுக் குழந்தைகளிடம் நோய் 75 சதவீதம் குறைந்தது. ஊசி போட்ட அன்று காய்ச்சல் வருவது சகஜம், அதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சொல்லாமல் விட்டால்தான் பயப்படுகிறார்கள்.

கேள்வி (முதுநிலை மாணவர்): ஆறு மாத புராஜெக்ட்டுக்கு ஒரு பாக்டீரியாத் தடுப்பூசி செய்ய நினைக்கிறேன். எங்கே தொடங்குவது?

ஆறு மாதத்தில் தடுப்பூசி ஆகாது, ஆனால் ஒரு நல்ல ஆன்டிஜெனை முன்னிறுத்த முடியும். எலியைத் தொடாதீர்கள். பொதுத் தரவுத்தளங்களில் உங்கள் கிருமியின் மரபுத்தொகுப்புகள் நூற்றுக்கணக்கில் கிடைக்கும். வெளிப்பரப்பில் இருக்கக்கூடிய புரதங்களைப் பிரித்தெடுத்து, எந்தப் புரதம் எல்லா வகைகளிலும் மாறாமல் இருக்கிறது என்று பாருங்கள். மனிதப் புரதங்களோடு ஒத்துப்போகிறவற்றைத் தள்ளிவிடுங்கள். மிஞ்சியதில் ஒன்றிரண்டை மட்டும் உற்பத்தி செய்து, கரையும் நிலையில் எடுத்து, உங்கள் துறையின் நெறிமுறைக் குழு அனுமதித்தால் அந்த நோயிலிருந்து குணமானவர்களின் சீரத்தில் அதற்கு ஆன்டிபாடி இருக்கிறதா என்று சோதியுங்கள். இருந்தால், உண்மையான தொற்றின்போது அந்தக் கிருமி அந்தப் புரதத்தை வெளியே காட்டியிருக்கிறது. அதோடு ஆறு மாதம் முடிந்துவிடும், கட்டுரையில் அவ்வளவு மட்டுமே எழுதுங்கள்.